புதுப்பிப்பு: குடும்பப் பயணத்துக்கான மோட்டார்ஹோம் தேர்வு
எங்கள் குடும்பத்துக்குப் பாதுகாப்பான மோட்டார்ஹோம் (படுக்கை, சமையல் வசதியுள்ள பயண வாகனம்) எது என்று முன்பு கேட்டிருந்தேன்; படுக்கைகளின் எண்ணிக்கையைவிட, வாகனச் சட்டகத்துடன் உறுதியாகப் பிணைக்கப்பட்ட, முன்னோக்கிய, மூன்று முனை சீட் பெல்ட் கொண்ட இருக்கைகளே முக்கியம் என்று பலரும் கூறியதை ஏற்று, குழந்தைகளைப் பக்கவாட்டு இருக்கைகளில் அமர்த்த வேண்டியிருந்த வாகனத்தைக் கைவிட்டோம். (உள்ளலங்காரம் என்னவோ அதில்தான் அருமை.) இப்போது பேசி முடித்திருக்கும் வாகனத்தில் ஐசோஃபிக்ஸ் (குழந்தை இருக்கையை வாகன இருக்கையில் நேரடியாகப் பூட்டும் அமைப்பு) வசதி உண்டு. 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ என்பதால், தொட்டியை நிரப்பி எடைமேடையில் ஏற்றிய பிறகுதான், அனுமதிக்கப்பட்ட மொத்த எடையில் எங்களுக்கும் சாமான்களுக்கும் மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்கிட்டோம். டயர்கள் புதியவைபோல் தெரிந்தாலும் பக்கச்சுவரில் 2316, அதாவது 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரத் தயாரிப்பு, என்றிருந்ததால் மாற்றித் தரக் கேட்டிருக்கிறோம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. ஆகவே அதன் கசிவை உணர்த்தும் கருவியைத் தரையருகிலும், நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடை உணர்த்தும் கருவியைத் தனியே படுக்கைப் பகுதியிலும் பொருத்தவிருக்கிறோம்.