தாயக்கட்டையில் ஆடும் ஆர்.பி.ஜி.: அண்ணனோடு ஆடியவர்கள் எழுதலாம்

லாசுப்பேட்டையிலிருந்து:

புதுச்சேரியில் தனி ஆளாகத் தமிழில் டேபிள்டாப் ஆர்.பி.ஜி. (மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு) எழுதுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றார், அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன். பகலில் மொழிபெயர்ப்பு வேலை, இரவில் விளையாட்டு.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகைக்குத் தொடக்கம். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், நடக்குமா நடக்காதா என்று தெரியாத இடத்தில் பகடை உருட்டுவார்கள். அதற்கு 4 முகத்திலிருந்து 20 முகம் வரை விதவிதமான பகடைகள் வேண்டும். அண்ணன் அதையெல்லாம் விட்டுவிட்டு வீட்டிலிருந்த பித்தளைத் தாயக்கட்டையை எடுத்துக்கொண்டார்.

கணக்கைப் பார்த்தால் அதன் அழகு புரியும். ஒரு கட்டையில் நான்கு முகம்: வெறுமை, 1, 2, 3. இரண்டு கட்டையும் சேர்ந்து 16 விதமாக விழலாம். மறு உருட்டு தருகிற தாயம் (அதாவது 1), 5, 6, 12 (இரண்டும் வெறுமை) ஆகியவை 16இல் 6 முறை. மீதி 10 முறை 2, 3, 4தான். இந்தப் பிரிவை அவர் அப்படியே விதியாக்கிவிட்டார். 2, 3, 4 விழுந்தால் நினைத்தது நடக்கும், ஆனால் ஏதாவது ஒன்றை இழக்க வேண்டும். தாயமோ 5, 6, 12ஓ விழுந்தால் இழப்பில்லை, கட்டையும் கையை விட்டுப் போகாது. விளக்கம் சொல்லவே தேவையில்லை, விரல்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆட்டம்.

கதை நடப்பது 1760–61 புதுச்சேரி முற்றுகையில். வெளியே அயர் கூட்டின் ஆங்கிலேயப் படை, உள்ளே பிரெஞ்சுத் தளபதி லாலி. நாம் தளபதி கிடையாது. சலங்குப் படகு (கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஓடுவது) ஓட்டுபவர், நெசவாளி, துபாஷி (மொழிபெயர்ப்பாளரும் தரகருமானவர்) வீட்டுக் கணக்குப்பிள்ளை, அரிசி வியாபாரி, இப்படித்தான் பாத்திரங்கள். ஊரின் அன்றாடத்தையும் வதந்திகளையும், பின்னாளில் பிரெஞ்சு ஆளுநரின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து எழுதிய நாட்குறிப்பில் தேடித் தேடி எடுத்திருக்கிறார். 1761 ஜனவரி 1 அன்று புயல் அடித்து ஆங்கிலேயக் கப்பல்கள் சிதறுகிற காட்சியில் எங்கள் மேசையில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். அதே மாதம் ஊர் சரணடைந்துவிடும் என்று தெரிந்தும்தான். அதற்குள் யாரைக் காப்பாற்றுகிறோம், எதை விற்கிறோம் என்பதில் ஆட்டம் முழுக்க இருக்கிறது.

கடலூர் முதுநகரிலிருந்து:

எங்கள் வீட்டில் அண்ணன் பிளேடெஸ்ட் (வெளியிடும் முன் ஆடிப் பார்க்கிற சோதனை) வைத்தார். வந்து காகிதங்களைக் கொடுத்துவிட்டு மூலையில் நோட்டோடு உட்கார்ந்துகொண்டார். நாங்கள் தடுமாறினாலும் வாய் திறக்கவில்லை. எழுதியவர் இல்லாத வீட்டிலும் அந்தக் காகிதம் தானாக ஆட்டத்தை நடத்த வேண்டும், அதுதான் சோதனை என்று பிறகு சொன்னார்.

என் அத்தை அரிசி வியாபாரியாக ஆடினார். வாழ்நாளெல்லாம் தாயம் ஆடியவர், ரூல்புக்கைத் தொடக்கூட இல்லை. 1760 நவம்பரில் உணவை மிச்சப்படுத்த லாலி உள்ளூர் மக்களைக் கோட்டைக்கு வெளியே துரத்துகிறார், ஆங்கிலேயப் படையும் வழிவிடவில்லை. உண்மையில் நடந்தது. இரண்டு படைகளுக்கும் நடுவில் நிற்கிற அந்தச் சனங்களுக்கு யார் எவ்வளவு கொடுக்கலாம் என்று அண்ணன் இரண்டு பக்கத்துக்கு அட்டவணை போட்டிருந்தார். படி அளவு, கட்டை எண், கூட்டல் கழித்தல் எல்லாம் அதில் உண்டு.

அத்தை நேராக அவரைப் பார்த்துக் கேட்டார்: “அரிசி கொடுக்கறதுக்கு எதுக்குத் தம்பி கட்டை உருட்டணும்? கொடுத்துட்டேன்னு எழுதிக்கோ. அப்புறம் என் வீட்டுல என்ன மிச்சம்னு கேளு.”

அடுத்த பிரதியில் அட்டவணை இல்லை. கொடுப்பதற்கு உருட்டல் கிடையாது, கொடுத்தவரிடம் ‘உங்கள் வீட்டில் இப்போது என்ன மிச்சம்?’ என்று மற்றவர்கள் கேட்க வேண்டும், அவ்வளவுதான் விதி. மாதக்கணக்கில் உழைத்த பக்கங்களை ஒருவர் சொன்ன ஒரே வாக்கியத்துக்காகக் கிழித்துப் போட எவ்வளவு மனசு வேண்டும்! உலகத்தைக் கற்பனை செய்வதைவிட இதுதான் இந்த வேலையில் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. நன்றிப் பட்டியலில் அத்தைக்கு முதல் இடம் கொடுத்திருக்கிறார்.

வில்லியனூரிலிருந்து:

பக்க வடிவமைப்பு செய்து கொடுத்தது நான், அதனால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். முதலில் அவர் போன அச்சகத்தில் பழைய குறியீட்டு எழுத்துருதான் வைத்திருந்தார்கள். யூனிகோடில் இருந்ததை மாற்றும்போது கொம்புகளும் கால்களும் இடம் மாறி ‘கோட்டை’ படிக்கவே முடியாமல் வந்தது. எல்லாவற்றையும் யூனிகோடிலேயே வைத்து, எழுத்துருவையும் உள்ளே பதித்து, பி.டி.எஃப்.ஆகக் கொடுத்தோம், சரியாகிவிட்டது. நடுவில் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும். 34 பக்கம் எழுதியிருந்தார். 36 ஆக்கி ஓவியம் சேர்க்கலாம் என்றேன் நான். அவர் ஒரே ராத்திரியில் வெட்டி 32க்குக் கொண்டுவந்தார். விலை குறைந்தால் மாணவர்கள் வாங்குவார்கள் என்பது அவர் கணக்கு.

லாசுப்பேட்டையிலிருந்து:

உரிமம் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். 2023 ஜனவரியில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் திறந்த உரிமத்தை (அதன் விதிகளை வைத்து மற்றவர்களும் எழுதி விற்க இடம் தருவது) மாற்றப் போவதாகச் செய்தி வந்ததும், அதை நம்பிப் பிழைக்கிற சிறு படைப்பாளிகள் உலகெங்கும் எதிர்த்தார்கள். அந்த மாதமே அடிப்படை விதிகள் கிரியேட்டிவ் காமன்ஸ் என்கிற பொது உரிமத்தில் வெளியாயின. அண்ணனும் தன் தாயக்கட்டை விதிகளை அதே உரிமத்தில்தான் விட்டிருக்கிறார். அவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும், யாரும் தங்கள் ஊருக்கு எழுதி விற்கலாம்.

கடலூர் முதுநகரிலிருந்து:

அந்த உரிமத்தை வைத்து நானும் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த செயின்ட் டேவிட் கோட்டை, தேவனாம்பட்டினம் பக்கத்து மீனவக் குடும்பங்கள். ஆடிப் பார்க்க நான்கு பேர் தேவை. ஆர்.பி.ஜி. என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் வந்தால் இன்னும் நல்லது. அத்தையும் இருப்பார்.