எச்1என்1 வந்தவருக்கு எச்3என்2 தாக்கினால் டி செல் கைகொடுக்குமா?

காட்பாடி மாணவி:
வணக்கம். ஃப்ளூ வைரஸ் வருஷா வருஷம் மாறுவதால் பழைய ஆன்டிபாடி சரியாகப் பிடிப்பதில்லை. எச்1என்1 வகை ஃப்ளூ வந்து போனவரின் டி செல் (நோய் எதிர்ப்பு வெள்ளணு) மட்டும் எச்3என்2 வகையை எப்படி அடையாளம் காண்கிறது? அடுத்த மாதம் குடியாத்தத்தில் ரத்தம் எடுத்து வேலூர் லேபில் எலிஸ்பாட் (தூண்டலுக்குப் பதில் தரும் ஒவ்வொரு டி செல்லும் ஒரு புள்ளியாகத் தெரியும் சோதனை) செய்யப்போகிறோம். சித்திரை வெயிலுக்கு எதைக் கவனிக்கணும்?

நுண்ணுயிர்:
ஆன்டிபாடி பிடிப்பது வைரஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எச்ஏ, என்ஏ புரதங்களை. வேகமாக மாறுவதும் அவைதான். சிடி8 வகை டி செல் (தொற்றிய செல்லைக் கொல்வது) வைரஸைப் பார்ப்பதே இல்லை. வைரஸ் புகுந்த செல், உள்ளே உருவாகும் புரதத்தை நறுக்கி எச்எல்ஏ (ஆளுக்கு ஆள் மாறுபடும் செல்மேற்பரப்புப் புரதம்) மேல் ஏற்றிக் காட்டும். அந்த 8–10 அமினோ அமிலத் துண்டைத்தான் பார்க்கிறது. அவற்றில் பல என்பி, எம்1 போன்ற உள்புரதங்களின் துண்டுகள். எச்எல்ஏ-ஏ2 உள்ளவர்களுக்கு எம்1-இன் 58–66 துண்டு நல்ல உதாரணம்: எச்1என்1, எச்3என்2 இரண்டிலும் அதேதான்.

ஆனால் தொற்றை இது தடுக்காது. செல்லுக்குள் வைரஸ் நுழைந்த பிறகுதான் இதற்கு வேலை. 2009 பன்றிக்காய்ச்சலின்போது லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நடந்த ஆய்வில், இந்தப் பொதுத் துண்டுகளுக்கான சிடி8 செல் அதிகம் இருந்தவர்களுக்குத் தொற்று வந்தும் நோய் லேசாகவே இருந்தது.

பாகாயம் லேப்:
உள்புரதம் மாறவே மாறாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1993–94 எச்3என்2-இல் என்பி-யின் 384-ஆவது இடத்தில் ஆர்ஜினின் போய் கிளைசின் வந்தது. அந்தத் துண்டு எச்எல்ஏ-பி27-இல் உட்காரவே இல்லை. அதனால் யாருக்கு எந்த எச்எல்ஏ என்று பார்க்கும் டைப்பிங் அவசியம் செய்யுங்கள்.

ரத்தத்துக்கு ஹெப்பரின் (உறையாமல் தடுக்கும் மருந்து) குழாய். வெயிலுக்குப் பயந்து ஐஸில் வைத்துவிடாதீர்கள், பலரும் கோட்டை விடுவது இங்கேதான். குளிர்ந்தாலோ நேரம் கடந்தாலோ கிரானுலோசைட் (வேறு வகை வெள்ளணு) வந்து, டி செல் இருக்கும் மோனோநியூக்ளியர் அடுக்கில் கலந்துவிடும், புள்ளிகள் குறையும். தெர்மாகோல் பெட்டியில் 18–25 டிகிரியில் வைத்து, 8 மணி நேரத்துக்குள் செல்களைப் பிரித்தெடுங்கள். செல்களை அடுக்காகப் பிரிக்கும் ஃபைகால் திரவமும் அறை வெப்பத்தில் இருக்கணும். சென்ட்ரிஃப்யூஜில் 400 ஜி, 30 நிமிடம், பிரேக் ஆஃப். பிரேக் போட்டால் அடுக்கு கலங்கிவிடும்.

எலிஸ்பாட் பிளேட்டில் குழிக்கு 2 லட்சம் செல், பெப்டைடு (சோதிக்கும் புரதத் துண்டு) மில்லிக்கு 2 மைக்ரோகிராம், 37 டிகிரியில் 18–20 மணி நேரம். நடுவில் பிளேட்டை அசைத்தால் புள்ளி வால் விடும். நெகட்டிவ் குழியில் பெப்டைடு கரைத்த அதே அளவு டிஎம்எஸ்ஓ கரைப்பான், பாசிட்டிவுக்கு டி செல்களைப் பொதுவாகத் தூண்டும் பிஹெச்ஏ.

காட்பாடி மாணவி:
நன்றி சார். ஃப்ளூ ஊசி போட்டவர்களைச் சேர்க்கலாமா?

நுண்ணுயிர்:
சேர்க்கலாம்மா, ஊசி போட்ட தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். கையில் போடும் செயலிழந்த ஊசி சிடி8-ஐப் பெரிதாகத் தூண்டாது. மூக்கில் விடும் உயிருள்ள மருந்து எடுத்தவர்களை மட்டும் தனிக் குழுவாக வையுங்கள்.