படுக்கும்போது 130, விடிந்தால் 178

வயது 52, ஊர் மதுரை. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுடன் நான்கு ஆண்டுகளாகக் குடித்தனம். மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், காலையும் இரவும்.

ஆறு வாரங்களாகப் படுக்கும்போது 130 இருக்கும் சர்க்கரை, காலை ஆறு மணிக்கு 170, 178 என்று நிற்கிறது. இடையில் நான் எதையும் தொடவில்லை. முறுக்கு டப்பா மனைவியின் கட்டிலுக்கு அடியில் இருப்பதால் சாட்சியும் உண்டு.

இரவு இட்லியை மூன்றிலிருந்து இரண்டாக்கினேன். எட்டு மணிக்குள் சாப்பிட்டு அரை மணி நேரம் நடக்கிறேன். 'சர்க்கரை சேர்க்காதது' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்ட பிஸ்கட்டை நம்பித் தின்றுகொண்டிருந்தேன். ஒருநாள் பின்பக்கத்தைப் படித்தால் முதல் பொருளே மைதா! அதையும் விட்டாயிற்று. கருவியின் மீது சந்தேகப்பட்டு ஆய்வகத்தில் பார்த்தேன். ஏறக்குறைய அதே எண். மூன்று நாள் அலாரம் வைத்து அதிகாலை மூன்று மணிக்குக் குத்திப் பார்த்தேன்: 125, 131, 128. நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து, அதை ஈடுகட்டத்தான் காலையில் ஏறுகிறதோ என்ற சந்தேகம்; அப்படித் தாழவில்லை.

விடியலில் சுரக்கும் ஹார்மோன்களால் கல்லீரல் குளுக்கோஸை வெளியே விடுகிறது என்றார் மருத்துவர். ஊர் உறங்கும்போது முகமூடி மாட்டிக்கொண்டு கிளம்பும் சூப்பர் ஹீரோ என் கல்லீரல்தான் போலிருக்கிறது. காப்பாற்ற ஆள் கிடைக்காமல் என்னையே அடிக்கிறது.

மருத்துவரை மறுபடி பார்க்க மூன்று வாரம் இருக்கிறது. மருந்தை நானாக மாற்றப்போவதில்லை. இதே விடியற்கால ஏற்றம் உள்ளவர்களே, இரவு உணவிலோ நேரத்திலோ எதை மாற்றியபோது உங்கள் வெறும் வயிற்று எண் இறங்கியது?