உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய போலீஸ்காரர்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

வரதராஜபுரம், சென்னை

நானே தொடங்குகிறேன். 2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாறு பெருகி ஊருக்குள் வந்ததே, அன்று நாங்கள் மாடியில் மாட்டிக்கொண்டோம். பாட்டிக்கு இன்சுலின் தீர்ந்து போய், மறுநாள் காலையில் பேச்சே குழற ஆரம்பித்துவிட்டது. நெஞ்சளவு தண்ணீரில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். படகெல்லாம் இல்லை. ஒரு லாரி டியூப், கொஞ்சம் கயிறு, ஒரு லத்தி, அவ்வளவுதான். பாதாளச் சாக்கடை மூடிகள் எங்கெங்கே திறந்து கிடக்கின்றன என்று யாருக்கும் தெரியாது, கால் உள்ளே போனால் ஆளே போய்விடுவார். அதனால் முன்னால் வந்தவர் லத்தியால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்து அடி வைத்தார். டியூப் மேல் பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டி, அதில் பாட்டியை உட்கார வைத்து மெயின் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம். பாதி வழியில் தண்ணீரின் இழுப்பு கூடியபோது முன்னால் போன போலீஸ்காரர் திரும்பி, "தம்பி, எனக்கு நீச்சல் வராது, கயித்த மட்டும் விட்றாத" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நீச்சல் தெரியாத ஆள் எந்தத் தைரியத்தில் இறங்கினார் என்று இன்றைக்கும் புரியவில்லை.

கீழ்ப்பாக்கம்

எங்கள் பக்கத்துக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2021 நவம்பர் மழையில், கல்லறைத் தோட்டத்தில் நினைவில்லாமல் கிடந்த இளைஞரை டி.பி.சத்திரம் இன்ஸ்பெக்டர் ராஜேஸ்வரி தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்து ஆட்டோவில் ஏற்றினாரே, அந்த வீடியோ. முதல்வர் ஸ்டாலின் அழைத்துப் பாராட்டினார். ஆனால் அந்த இளைஞர் மருத்துவமனையில் இறந்துவிட்டார். வீடியோவை ஷேர் செய்தவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. அதனால் அந்த அம்மா செய்தது ஒன்றும் குறைந்துவிடாது, சும்மா சொல்கிறேன்.

ஊர் வேண்டாம்

எல்லாரும் சேர்ந்து சாமியாக்கிவிடாதீர்கள். நான் லாக்டவுனில் மருந்து வாங்கப் போய் முதுகில் அடி வாங்கியவன். அதே 2020-இல் சாத்தான்குளம் போலீஸ் ஸ்டேஷனில் அப்பாவையும் மகனையும் சாகிற அளவுக்கு அடித்தார்களே, மறந்துவிட்டதா?

தாராவி, மும்பை

சாத்தான்குளத்தை யாரும் மறக்கவில்லை அண்ணே. ஆனால் இங்கே வந்து துக்காராம் ஓம்ப்ளே பற்றிக் கேட்டுப் பாருங்கள். 2008 நவம்பர் 26 ராத்திரி மும்பையைத் தீவிரவாதிகள் தாக்கியபோது, கிர்காம் சௌபாத்தி கடற்கரை ரோட்டில் தடுப்பு போட்டு நின்ற உதவி சப்-இன்ஸ்பெக்டர், ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். கையில் வெறும் லத்தி. அந்தத் தீவிரவாதிகளில் ஒருவனான கசாப்பும் கூட்டாளியும் வந்த காரை மறித்ததும் துப்பாக்கிச் சண்டை, கூட்டாளி செத்தான். கசாப்பின் ஏ.கே.47 குழலை ஓம்ப்ளே பிடித்துக்கொண்டார், அவன் சுட்டும் பிடியை விடவில்லை. எல்லாக் குண்டும் அவர் உடம்பில். அந்த இடைவெளியில்தான் மற்ற போலீஸ்காரர்கள் பாய்ந்து அமுக்கினார்கள். வந்த 10 பேரில் உயிரோடு சிக்கியவன் அவன் ஒருவன்தான், அவன் சிக்கியதால்தான் சதி எங்கே தீட்டப்பட்டது என்பதற்கு வாயுள்ள சாட்சி கிடைத்தது. 2009-இல் அசோக சக்ரா கொடுத்தார்கள். அன்றைக்கு நான் சி.எஸ்.டி. ஸ்டேஷனில் ரயிலேறி அரை மணி நேரம் கழித்துத்தான் அங்கே சுட ஆரம்பித்தார்கள், அதனால் கிர்காம் பக்கம் போனால் அவர் சிலையைப் பார்க்காமல் வருவதில்லை. பதக்கம் சரி, அந்த ராத்திரி ரோட்டில் நிறுத்தியவரிடம் ஒரு நல்ல துப்பாக்கி கொடுத்திருக்கலாமே என்றுதான் ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

ஏரல், தூத்துக்குடி

ஊர் சொல்லாத அண்ணனுக்கு: நானும் சாத்தான்குளம் இருக்கிற அதே மாவட்டம்தான், கோபம் எனக்கும் உண்டு. ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, தாமிரபரணி எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே தெரியவில்லை, கரண்ட் இல்லை, போனும் செத்துவிட்டது. எங்கள் மதினிக்கு நிறைமாதம். கடற்கரையிலிருந்து மீனவர்கள் கொண்டு வந்த ஃபைபர் படகு சந்துக்குள் திரும்பாது என்றதும், ஒரு கான்ஸ்டபிள் தம்பி, மிஞ்சிப் போனால் 25 வயசு இருக்கும், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்துவிட்டான். சுவர் ஒன்று சரிந்து அவன் தோளில் விழுந்தது. "ஒண்ணுமில்ல மதினி, புடிச்சுக்கோங்க" என்று நான் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டு, அந்தத் தோளிலேயே சாய்த்துக் கூட்டிக்கொண்டு போனான். படகில் ஏறினதும் என்னிடம் பவர்பேங்க் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். ஸ்ரீவைகுண்டம் பக்கம் அவன் வீட்டிலும் தண்ணீர் புகுந்துவிட்டதாம், முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அம்மாவிடம் பேசவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு, அடுத்த சந்தில் எத்தனை பேர் என்று விசாரித்துக்கொண்டு போனான். அவன் அம்மா பத்திரம் என்று நாலு நாள் கழித்து அந்தப் படகுக்காரர் மூலமாகத்தான் எங்களுக்குத் தெரிந்தது. தோள் எலும்பு விலகியிருந்ததாம்.