ராணுவச் சட்டமும் வெளியுறவுப் பணியும்: ஒரே ஆள் இரண்டையும் பார்க்க முடியுமா?

வைகைக்கரை
வணக்கம். பி.ஏ. எல்எல்.பி. நான்காம் ஆண்டு படிக்கிறேன். ராணுவத்தின் ஜேஏஜி பிரிவில், அதாவது ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல் பிரிவில் அதிகாரியாகச் சேர வேண்டும் என்பது பள்ளியிலிருந்தே இருக்கும் ஆசை. பாகிஸ்தான் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்த இந்தியர் குல்பூஷண் ஜாதவுக்காக இந்தியா ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்துக்குப் போன வழக்கைப் போன செமஸ்டரில் படித்ததிலிருந்து ஐஎஃப்எஸ், அதாவது இந்திய வெளியுறவுப் பணி பக்கமும் மனசு போகிறது. வீட்டிலோ "பேசாமல் வக்கீலா என்ரோல் பண்ணிட்டு ஒரு சீனியர்கிட்ட சேரு" என்கிறார்கள். ஜேஏஜி அதிகாரியாக இருந்துகொண்டே தூதரகத்தில் போஸ்டிங் வாங்க முடியுமா? இல்லை, பத்து வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு யுபிஎஸ்சி எழுதுவதுதான் வழியா? பெண்களுக்கு இடமே குறைவு என்று வேறு சொல்கிறார்கள்.

பரங்கிமலை
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அது பழைய கதை. 2023 அறிவிப்பில் ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 3 என்று இடம் பிரித்திருந்தார்கள். தேர்வான ஆண்களைவிட அதிக மதிப்பெண் எடுத்தும் இடம் கிடைக்காத பெண்கள் வழக்குப் போட்டார்கள், 2025 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிப்பே செல்லாது, இனி எல்லோருக்கும் ஒரே தகுதிப் பட்டியல் என்று சொல்லிவிட்டது. அதனால் அந்தக் கவலையை விடுங்கள்.

நுழைவதற்கு எல்எல்.பி.யில் 55 சதவீதம், வயது 21 முதல் 27, கிளாட் பிஜி (சட்ட முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) மதிப்பெண், அப்புறம் எஸ்எஸ்பி, அதாவது படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் நேர்காணல். சட்டம் நன்றாகத் தெரிந்தவர்களே எஸ்எஸ்பியின் முதல் நாள் ஸ்கிரீனிங்கில் வீட்டுக்குத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன், அங்கே உங்கள் சட்ட ஞானத்தை யாரும் கேட்க மாட்டார்கள். தேறினால் சென்னை பரங்கிமலையில் இருக்கும் ஓடிஏவில், அதாவது அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 49 வாரம், மற்ற கேடட்டுகளோடு சேர்ந்து அதே ஓட்டம், அதே மூட்டை.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்டால், கோப்புதான் அதிகம். விசாரணை அறிக்கையைப் படித்து இந்தக் குற்றச்சாட்டு நிற்குமா நிற்காதா என்று கமாண்டருக்கு எழுதிக் கொடுப்பது, பென்ஷன், ஊனமுற்றோர் ஓய்வூதிய வழக்குகளுக்குப் பதில் தயாரிப்பது. ஜெனரல் கோர்ட் மார்ஷல், அதாவது பெரிய வழக்குகளுக்கான ராணுவ நீதிமன்றம் என்றால் ஜட்ஜ் அட்வகேட்டாக உட்காருவீர்கள். தீர்ப்புச் சொல்வது குறைந்தது ஐந்து அதிகாரிகள், அவர்கள் சட்டம் படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. உங்களுக்கு ஓட்டு கிடையாது, சட்டம் என்ன சொல்கிறது என்று எடுத்துச் சொல்வதோடு சரி. கருத்துக் கேட்கும்போது பதவியில் சிறியவரிடமிருந்துதான் தொடங்குவார்கள், பெரியவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் மாற்றிப் பேசுவார்களா என்ன. எனக்கு ராணுவச் சட்டத்தில் ரொம்பப் பிடித்த விதி அது.

டில்லிக் குளிர்
தூதரகத்தில் சீருடையோடு இருப்பவர் பாதுகாப்பு அட்டாஷே. பெரும்பாலும் கர்னல், பிரிகேடியர் அளவில் இருப்பவர்கள், போர்ப்பிரிவுகளிலிருந்து வந்தவர்கள். அந்த நாட்டுப் படையோடு தொடர்பு, கூட்டுப் பயிற்சி, தளவாட வியாபாரம் இதெல்லாம்தான் அவருக்கு வேலை, சட்டம் இல்லை. அதை நம்பி ஜேஏஜியில் சேராதீர்கள்.

நீங்கள் தேடுவது, எனக்குப் புரிந்தவரை, வெளியுறவு அமைச்சகத்தின் சட்டம் மற்றும் ஒப்பந்தங்கள் பிரிவு. ஐஎஃப்எஸ் தேர்வுக்கு வெளியே, யுபிஎஸ்சி மூலமாகவே தனியாக ஆள் எடுப்பார்கள், சர்வதேசச் சட்டத்தில் படிப்பும் அனுபவமும் கேட்பார்கள். நியூயார்க்கில் ஐ.நா.வுக்கான நமது நிரந்தரத் தூதுக்குழுவில் இருக்கும் சட்ட ஆலோசகர் இவர்களில் ஒருவர்தான். ஜாதவ் வழக்கில் டிவியில் வந்தது ஒரு ரூபாய் கட்டணத்தில் வாதாடிய ஹரிஷ் சால்வே. மனு, பதில் மனு என்று இரண்டு வருடம் காகிதத்தோடு உட்கார்ந்தது இந்தப் பிரிவு.

அந்தத் தீர்ப்பை முழுசாகப் படித்தீர்களா? வேறு நாட்டில் கைதானவரை அவருடைய நாட்டுத் தூதரகம் சந்திக்கலாம் என்கிற 1963 வியன்னா உடன்படிக்கையின் 36-வது பிரிவை பாகிஸ்தான் மீறியது என்று 2019 ஜூலை 17 அன்று சொன்னார்கள், ஆனால் ராணுவ நீதிமன்றத்தின் மரண தண்டனையை ரத்து செய்யவில்லை, விடுதலை செய்யச் சொல்லவும் இல்லை. மறுபரிசீலனை செய், அது பெயரளவில் இருக்கக் கூடாது என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த மறுபரிசீலனை எப்படி நடக்கும் என்று பேசும் இடத்தில், ராணுவ நீதிமன்றத் தண்டனைகளை பாகிஸ்தானின் பெஷாவர் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததெல்லாம் வருகிறது. கோர்ட் மார்ஷல் எப்படி நடக்கும் என்று உள்ளே இருந்து பார்த்தவருக்கு அந்தப் பக்கங்கள் வேறு மாதிரிப் படும்.

வைகைக்கரை
ரொம்ப நன்றி அண்ணா. அப்போ ஜேஏஜியில் இருந்தால் வெளிநாட்டுப் பக்கமே போக முடியாதா?

நீலக்கடல்
அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. ஐ.நா. அமைதிப்படை விஷயத்தைப் பாருங்கள். அங்கே போகும் நம் சிப்பாய் தப்புச் செய்தால் அந்த நாட்டு நீதிமன்றம் தொட முடியாது, அனுப்பிய நாடுதான் விசாரிக்க வேண்டும். சாதாரணமாக, ராணுவச் சட்டத்துக்கு உட்படாத ஒருவரைக் கொன்றால் கோர்ட் மார்ஷலுக்கு அதிகாரம் கிடையாது, வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்குப் போகும், ஆனால் சம்பவம் இந்தியாவுக்கு வெளியே என்றால் ராணுவச் சட்டம் 1950-ன் 70-வது பிரிவு கோர்ட் மார்ஷலுக்கு வழிவிடுகிறது. இந்தக் கணக்கெல்லாம் ஜேஏஜி மேஜையில்தான் வரும்.

கடற்படையின் சட்டப் பிரிவையும் யோசியுங்கள், யாரும் அதைப் பேசுவதே இல்லை. 2012-ல் இத்தாலியக் கடற்படை வீரர்கள் கேரளக் கரைக்கு அப்பால் இரண்டு மீனவர்களைச் சுட்டார்களே, அதில் ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். சுட்டவர்கள் அரசுப் பணியில் இருந்தவர்கள், அதனால் இந்தியா அவர்களைத் தண்டிக்க முடியாது, ஆனால் இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்று 2020-ல் சர்வதேச நடுவர் மன்றம் சொன்னது. பத்துக் கோடி வந்து சேர்ந்தது, வழக்கை முடித்தார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் ஜீரணமாகவில்லை, அது வேறு பேச்சு. கடல் சட்டம், படைவீரரின் விலக்குரிமை, தூதரகப் பேச்சு மூன்றும் ஒரே வழக்கில் பின்னிக்கிடக்கிறது, நீங்கள் கேட்ட கலவை இதுதான்.

பரங்கிமலை
பத்து வருடம் கழித்து ஐஎஃப்எஸ் என்பதற்கு மட்டும் ஒரு வார்த்தை. பொதுப் பிரிவுக்கு 32 வயது வரை. குறைந்தது 5 வருடம் பணியாற்றிய அதிகாரிகளுக்கு 5 வருடம் வரை தளர்வு உண்டு. காகிதத்தில் சரியாக வரும், ஆனால் 36 வயதில் புதிதாக ஒரு அந்நிய மொழி படித்து தூதரகத்தில் ஆரம்பப் பதவியான தேர்ட் செக்ரட்டரியாக ஆரம்பிக்க வேண்டும், உங்களைவிடப் பத்து வயது சின்னவர் மேலதிகாரியாக இருக்கலாம். கோர்ட் மார்ஷல்தான் இழுக்கிறது என்றால் இப்போதே கிளாட் பிஜிக்கு உட்காருங்கள். ஒப்பந்தமும் ஹேக் நகரமும்தான் என்றால் எல்எல்.எம். சர்வதேசச் சட்டம். முடிவெடுக்கும் முன் சென்னை வந்தால், படைவீரர்களின் பணி வழக்குகளைக் கேட்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வில் ஒரு முழு நாள் உட்கார்ந்து பாருங்கள், உள்ளே விடுவார்கள்.