வேயெக் (மேற்கு ஆப்பிரிக்கப் பள்ளி இறுதித் தேர்வு) சான்றிதழோடு ஐரோப்பாவுக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவம்?

லாகோஸ் வாசி

வருஷங்கள் ஆகியும் இது மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். 2018ல் என் மகள் லாகோஸில் வேயெக் எழுதினாள். சிபிஎஸ்இ இல்லை, உள்ளூர்ப் பள்ளி. எட்டுப் பாடம்: இரண்டு ஏ1, நான்கு பி2, இரண்டு பி3. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான ஜாம்பிலும் 400க்கு 287. பள்ளிக்கூட வாசலில் பேனர் வைக்காத குறைதான்.

மைத்துனர் ஜெர்மனியில் டோர்ட்முண்டில் இருக்கிறார். அங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை, இஞ்சினியரிங் நன்றாக இருக்கும் என்று கிளப்பிவிட்டார். சரி என்று போய் ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவில் உட்கார்ந்தோம். அந்த அம்மாள் நல்லவர்தான், சிடுசிடுப்பெல்லாம் கிடையாது. எந்த நாட்டுச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்று சொல்லும் அனாபின் பட்டியலைத் திரையில் திறந்தார், நைஜீரியாவைத் தேடினார். அப்புறம் மகளின் மதிப்பெண் தாளை மேசையில் வைத்து, விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். பிரைமரி ஆறு. ஜூனியர் மூன்று. சீனியர் மூன்று. பன்னிரண்டு. எண்ணி முடித்து உதட்டைப் பிதுக்கினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "உங்கள் மாநிலத்தில் கிம்னாசியத்திலும் இப்போது பன்னிரண்டு வருஷம்தானே?" என்று கேட்டுவிட்டேன். கிம்னாசியம் என்றால் அங்கே பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்யும் பள்ளி. மைத்துனர் மொழிபெயர்த்தார். அவர் சிரித்தார். "ஆமாம்" என்றார். என்றுவிட்டு ஒரு துண்டுத் தாளில் 'ஸ்டூடியன்கொலேக், இரண்டு செமஸ்டர்' என்று எழுதி என் பக்கம் தள்ளினார். பல்கலைக்கழகத்துக்கு முன்னால் ஒரு வருஷ ஆயத்தப் படிப்பு. அவ்வளவுதான். அந்த 'ஆமாம்'தான் இன்றைக்கும் உறுத்துகிறது. நான் சொன்னதை அவர் மறுக்கவே இல்லை!

திரும்பும்போது டிராமில் மகள் கேட்டாள்: "அப்பா, என்னை சிபிஎஸ்இயிலயே போட்டிருந்தா?" என்னிடம் பதில் இல்லை.

குரோய்டன் அக்கா

அண்ணா, வருஷக் கணக்கில் ஒன்றும் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதால்தான் உங்களுக்கு உறுத்துது. நான் இங்கே ஒரு கல்லூரியின் அனுமதிப் பகுதியில் பதினொரு வருஷமாக இருக்கிறன். பிரிட்டனில் ஒப்பீடு செய்கிற அமைப்பு வேயெக்கின் சி6ஐயும் அதற்கு மேலே உள்ளதையும் இங்கே பதினாறு வயசில் எழுதுற ஜி.சி.எஸ்.இ. சித்திக்குச் சமமாக வைக்குது. அதாவது எங்கட இலங்கை ஓ.எல். மாதிரி. பல்கலைக்கழகம் போக எழுதுற ஏ.எல். (ஏ லெவல்) இல்லை. எட்டு ஏ1 எடுத்தாலும் அது மிக நல்ல ஓ.எல்., அவ்வளவுதான்.

இதை ஒரு பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கோ. கானாவில் குமாசியில் இருந்து ஒரு பெடியன் வந்தவன், பதினெட்டு வயசு. எட்டும் ஏ1. நான் மேலே சொன்னதை அப்படியே சொன்னன். அவன் சத்தம் போடேல்லை. பையைத் திறந்து எலெக்டிவ் கணிதத்தின் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து விரித்தான். நுண்கணிதம், அணிகள், திசையன் எல்லாம் இருந்தது. "இது உங்கட ஜி.சி.எஸ்.இ.யில் எத்தனையாம் பக்கத்தில் இருக்கு, மேடம்?" என்று கேட்டான். இல்லைத்தான். ஜி.சி.எஸ்.இ. கணிதத்தில் தொகையீடு எங்கே இருக்கு? கானாவில் எல்லோருக்கும் பொதுவான கணிதம் வேறு, விரும்பி எடுக்கிற எலெக்டிவ் கணிதம் வேறு. அட்டவணையில் இரண்டும் ஒரே வரிதான்.

"அப்ப நான் திரும்பப் பதினாறு வயசாகவேணுமோ?" என்று கேட்டுவிட்டு அந்தத் தாளை மடித்த விதம்... நாலாக மடித்தான், விளிம்பெல்லாம் பொருத்தி, ஆறுதலாக. பவுண்டேசன் இயர், அதாவது பட்டத்துக்கு முந்தின ஆயத்த வருஷம், எடுத்துப் போனவன். ஆனால் நான் அன்றைக்குச் சாப்பிடேல்லை.

கணக்குப்பிள்ளை, மூனிச்

என் அனுபவம் சின்னது. பக்கத்து வீட்டு நைஜீரியப் பையனுக்கு ஒருநாள் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான். ஆனால் லாகோஸ் வாசி கணக்கே போடாமல் புலம்புகிறார், அதனால் சொல்கிறேன்.

இங்கே வெளிநாட்டு மதிப்பெண்ணை மாற்ற 'திருத்திய பவேரியச் சூத்திரம்' என்று ஒன்று உண்டு. மிகச் சிறந்த மதிப்பெண்ணில் இருந்து உங்கள் சராசரியைக் கழிக்க வேண்டும். அதை, சிறந்ததற்கும் தேர்ச்சியின் கடைசிப் படிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் ஜெர்மன் மதிப்பெண். ஜெர்மனியிலும் 1தான் உச்சம், 4 தேர்ச்சி. வேயெக்கிலும் ஏ1தான் உச்சம். அந்த வகையில் நைஜீரியர்களுக்கு வசதி, நம்மூர் ஆட்கள்தான் 98ஐ எப்படி 1.1 ஆக்குவது என்று முழிப்பார்கள்.

உங்கள் மகளுக்கு எட்டுப் பாடம் கூட்டினால் 16, சராசரி 2.0. தேர்ச்சியின் கடைசிப் படி சி6 என்று வைத்தால் 1.6 வருகிறது. அதையே இ8 என்று வைத்தால் 1.4. இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். வேயெக் தாளில் இ8ம் தேர்ச்சிதான், எஃப்9தான் தோல்வி. ஆனால் நைஜீரியப் பல்கலைக்கழகம் கேட்பது 'கிரெடிட்', அதாவது சி6 வரை. எந்தப் படியை எடுப்பார்கள் என்று முதலிலேயே எழுதிக் கேட்டிருக்க வேண்டும். இடம் குறைவு என்று மதிப்பெண் பார்த்து ஆளைக் கழிக்கிற பாடங்களில் 1.4க்கும் 1.6க்கும் நடுவே ஒரு வருஷமே நிற்கும்.

இரண்டாவது, ஸ்டூடியன்கொலேக்குக்கே நுழைவுத் தேர்வு உண்டு, ஜெர்மன் மொழியும் வேண்டும். டி கோர்ஸ் இஞ்சினியரிங்குக்கு, எம் கோர்ஸ் மருத்துவம், உயிரியலுக்கு, டபிள்யூ கோர்ஸ் பொருளாதாரத்துக்கு. தப்பான கோர்ஸில் சேர்ந்தால் அப்புறம் துறை மாறுவது பெரும்பாடு. மூன்றாவது, நைஜீரியாவிலேயே ஐஜேஎம்பி, ஜுபெப் என்று ஏ லெவலுக்கு இணையாக ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது, அதை எழுதியிருக்கலாம். நான்காவது, சிபிஎஸ்இயைப் பற்றி வருத்தப்பட வேண்டாம். நம்ம பன்னிரண்டாம் வகுப்பை மட்டும் கொண்டுவந்தாலும் இங்கே நேராகச் சேர முடியாது. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும் அல்லது அங்கே ஒரு வருஷம் கல்லூரி முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே ஸ்டூடியன்கொலேக்தான்.

லாகோஸ் வாசி

கணக்குக்கு நன்றி. அவள் டி கோர்ஸ் முடித்து, பட்டமும் வாங்கிவிட்டாள். நான் யோசனை கேட்கவில்லை.

நாலாவது விஷயம் மட்டும் எனக்குத் தெரியாது. அவளிடம் சொல்கிறேன்.

கானோ வாத்தியார் மகன்

வருஷக் கணக்கில் ஒன்றும் இல்லை என்று அக்கா சொல்வதை நான் ஏற்கமாட்டேன். எல்லாமே அந்த ஒரு வருஷத்தில்தான் இருக்கிறது.

அப்பா நாகர்கோவில்காரர். எண்ணெய்ப் பணம் புழங்கிய காலத்தில், 1979ல், கணக்கு வாத்தியாராகக் கானோவுக்குப் போனார். அப்போது நம்மூரில் இருந்தும் கேரளாவில் இருந்தும் இலங்கையில் இருந்தும் வடக்கு நைஜீரியப் பள்ளிகளுக்குப் போன ஆசிரியர்கள் ஏராளம். அன்றைய முறை ஆங்கிலேயர் விட்டுப்போனது: ஆறு வருஷம் பிரைமரி, ஐந்து வருஷம் செகண்டரி, அப்புறம் இரண்டு வருஷம் ஆறாம் படிவம் (ஏ லெவல் படிப்பு), மூன்று வருஷம் பல்கலைக்கழகம். அண்ணன் அப்படிப் படித்து, ஏ லெவலும் வேயெக்கிடமே எழுதினான். இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒரு கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டது.

அப்புறம் 6-3-3-4 வந்தது. ஆறாம் படிவம் போயிற்று, பள்ளி பதின்மூன்று வருஷம் பன்னிரண்டாயிற்று, பட்டப்படிப்பு நான்கு வருஷம் ஆயிற்று. கென்யாவிலும் 1985ல் 7-4-2-3 போய் 8-4-4 வந்தது, கானாவில் 1987ல் சீர்திருத்தம். எல்லா இடத்திலும் நடந்தது ஒன்றுதான்: ஏ லெவல் படிப்பை எடுத்துப் பல்கலைக்கழகத்தின் முதல் வருஷத்துக்குள் வைத்தார்கள். நைஜீரியாவில் 'ஹண்ட்ரட் லெவல்' என்பார்களே, அதுதான். வருஷம் தொலையவில்லை, வீடு மாறியிருக்கிறது. ஐரோப்பாக்காரன் பழைய வீட்டில் போய்க் கதவைத் தட்டிவிட்டு 'ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு போகிறான்.

நம்மூரில் இதற்கு நேர் எதிர் நடந்தது. பி.யு.சி. என்று கல்லூரிக்குள் இருந்ததை 1978ல் பிளஸ் டூ ஆக்கிப் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள்.

என் அனுபவம் என்னவென்றால், அண்ணன் படித்த அதே பள்ளி, அதே வகுப்பறை, அதே கணக்கு வாத்தியார், அதாவது எங்கள் அப்பா. எண்பதுகளின் கடைசியில் நான் விண்ணப்பித்தபோது அதே பல்கலைக்கழகம் 'இன்னும் ஓராண்டு தேவை' என்று எழுதியது. அப்பா அந்தக் கடிதத்தையும் அண்ணனின் பழைய கடிதத்தையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். தலைப்புத்தாள் ஒன்று. கையெழுத்தும் ஒரே ஆளுடையது. "நான் நடத்துறதை இவன் இளப்பம்னு சொல்றான்" என்றார். அப்படி இல்லை என்று அவருக்குக் கடைசி வரை புரியவைக்க முடியவில்லை.

ஹார்கோர்ட் மாமா

நீங்கள் எல்லாரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். நான் மாட்டியது சுரண்டல் அட்டையில்.

தெரியாதவர்களுக்கு: வேயெக் முடிவை இணையத்தில் பார்க்க அப்போதெல்லாம் ஓர் அட்டை வாங்க வேண்டும். வெள்ளி நிறத்தைச் சுரண்டினால் பின் எண் இருக்கும். ஒரு அட்டைக்கு ஐந்து தடவைதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சான்றிதழை நம்பாமல் அந்த எண்ணைக் கேட்டு நேரடியாகத் தாங்களே பார்ப்பார்கள்.

பையன் முடிவை முதலில் பார்த்தது அவன். இரண்டாவது நான், அவன் சொன்னதை நம்பாமல். மூன்றாவது பாளையங்கோட்டையில் இருக்கும் என் மாமனார், எங்கள் இருவரையும் நம்பாமல். நான்காவது வகுப்பாசிரியர். ஐந்தாவது மறுபடியும் நான், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட. இங்கிலாந்தில் இருந்து மெயில் வருகிறது, 'நீங்கள் கொடுத்த எண் வேலை செய்யவில்லை, மூன்று வேலை நாளுக்குள் விளக்கம் தேவை' என்று. பையன் முகம் வெளுத்துவிட்டது. நானோ என்னமோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் பார்த்துத் தீர்த்துவிட்டார்கள் என்று இங்கிலீஷில் எப்படி எழுதுவது?

புது அட்டை வாங்கிச் சுரண்டாமல் அனுப்பினேன். 'சுரண்டிவிட்டுப் படம் எடுத்து அனுப்பவும்' என்று பதில் வந்தது. இடம் கிடைத்தது. மாமனாருக்கு இன்னும் இந்தக் கதை தெரியாது.

நேர்பட

யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். எக்ஸ்போ. தேர்வுக்கு முந்தின ராத்திரியே வாட்ஸ்அப்பில் வினாத்தாள் சுற்றும். காப்பியடிக்க விடும் தேர்வு மையங்களுக்கு 'மிராக்கிள் சென்டர்' என்று பெயரே உண்டு. நைஜீரியாவில் நானும் நான்கு வருஷம் இருந்தவன்தான். இதெல்லாம் ஐரோப்பாக்காரனுக்குத் தெரியாதா? அதனால்தான் இன்னொரு வருஷம் உட்கார வைக்கிறான்.

லாகோஸ் வாசி

எக்ஸ்போ இருக்கிறது. யாரும் மறைக்கவில்லை. சந்தேகம் வந்தால் வேயெக் அந்தத் தேர்வு மையத்தின் முடிவையே நிறுத்தி வைக்கும், அதில் நல்ல பிள்ளைகளும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்கள். அது வேறு சண்டை. ஆனால் என் மகள் கரண்ட் இல்லாத ராத்திரிகளில், ஜெனரேட்டர் புகைக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வியர்க்க வியர்க்கப் படித்தாள். காப்பியடிப்பவனைப் பிடிக்க ஸ்டூடியன்கொலேக் எதற்கு? கானோ வாத்தியார் மகன் சொன்னதுதான் காரணம். சின்னப் பையன் மாதிரி எதையாவது எழுதாதீர்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவளே சொன்னது. ஜெர்மன் பள்ளி இறுதித் தேர்வான அபிட்டூர் முடித்த பிள்ளைகளுக்குக் கடைசி இரண்டு வருஷ வகுப்பு மதிப்பெண்ணும் சேரும், மொத்தம் 900ல் 600 அதில் இருந்துதான். வாய்மொழித் தேர்வும் உண்டு. கரும்பலகை முன்னால் நின்று 'ஏன் இப்படிச் செய்தாய்' என்று கேட்டால் பதில் சொல்லிப் பழகியவர்கள். இவளுக்கு விடை தெரியும், நின்று பேசத் தெரியவில்லை. முதல் மாதம் அழுதாள்.

குரோய்டன் அக்கா

அண்ணா, இதைத்தான் நான் முதலே சொல்ல வந்தது. வருஷம் இல்லை, எப்படிச் சோதிக்கினம் என்பதுதான்.

கானோ வாத்தியார் மகன்

அக்கா, வருஷம்தான்.

வட ஒஸ்லோ

சண்டைக்கு நடுவில் ஒரு சின்னக் கதை. அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில் இருந்து சாம்பியாவுக்குப் படிப்பிக்கப் போன ஆசிரியர்கள். நானும் தம்பியும் கிட்வேயில் வளர்ந்தனாங்கள். அங்கே பன்னிரண்டாம் வகுப்புச் சோதனையில் 1 அதிவிசேடம், 9 என்றால் சித்தியில்லை. தம்பியின் தாளில் 1, 1, 2, 1, 2 என்று போகும். ஒரு பாடத்தில் மட்டும் 6.

நோர்வேக்கு வந்த பிறகு ஒரு பள்ளி ஆலோசகரிடம் அதைக் கொண்டு போனம். நோர்வேயில் 6தான் உச்சம், 1 என்றால் தோல்வி. அந்த மனுசன் தாளைப் பார்க்கப் பார்க்க முகம் இருண்டுகொண்டே போகுது. ஒவ்வொரு 1க்கும் தலையை மெல்ல ஆட்டுறார். தம்பிக்கு அப்ப நோர்வீஜியன் தெரியாது, புன்னகைத்துக்கொண்டு இருந்தான். கடைசியில் அவருடைய விரல் அந்த 6இல் வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் ஒரு வெளிச்சம். "பரவாயில்லை, ஒரு பாடத்தில் என்றாலும் உனக்கு உண்மையான திறமை இருக்கு" என்றார்.

தாளின் பின்பக்கத்தில் விளக்கம் அச்சடித்து இருந்தது. அதைத் திருப்பிக் காட்ட எனக்கு ஐந்து நிமிசம் பிடித்தது. அவ்வளவு சந்தோசமாக இருந்தார் மனுசன்.

ஹார்கோர்ட் மாமா

அந்த 6 எந்தப் பாடம்?

வட ஒஸ்லோ

ஆங்கிலம். அந்தப் பள்ளியில் அம்மாதான் ஆங்கில ஆசிரியை. வீட்டில் இந்தக் கதையைச் சொல்லத் தடை, அதுதான் இங்கே எழுதினன்.