72 மேளகர்த்தா: இசைக்குள் கணக்கா, கணக்குக்குள் இசையா?

லயப்பித்தன்:
"கணக்கு என்பது வித்வான்கள் மேடையில் காட்டும் சாமர்த்தியம், இசைக்கு அது வேண்டியதில்லை" என்று தம்புரா வேறொரு திரியில் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. ராகங்களுக்குத் தாயான ஏழு ஸ்வர அடுக்குகளை, அதாவது மேளகர்த்தாக்களை (சுருக்கமாக மேளங்களை) எடுத்துக்கொள்ளுங்கள். ச, ப இரண்டும் அசையாத ஸ்வரங்கள். மத்யமத்தில் (ம) 2 வகை, ரி-க சேர்க்கை 6, த-நி சேர்க்கை 6. பெருக்கினால் 72. வேங்கடமகி 17ஆம் நூற்றாண்டில் 'சதுர்தண்டி பிரகாசிகை' என்ற இசை நூலில் இதை வகுத்தபோது புழக்கத்தில் இருந்தவை 19 மேளங்கள்தான். மற்றவை அப்போது கணக்கில் மட்டுமே இருந்தன. பிற்பாடு கோடீஸ்வர ஐயர் 72 மேளங்களிலும் தமிழிலேயே கீர்த்தனை செய்தார். யாரும் பாடாத ராகத்துக்கு முன்கூட்டியே இடம் போட்டு வைத்தது கணக்கு. அதை எப்படி வேண்டாம் என்று தள்ளுவது?

தம்புரா:
சரி, அந்த 72ஐயே எடுத்துக்கொள்வோம். அதில் 40 விவாதி மேளங்கள், அதாவது மிக நெருங்கி ஒன்றோடொன்று உரசும் ஸ்வரங்கள் கொண்டவை. பாடினால் தோஷம் என்று பலர் அவற்றை ஒதுக்கியே வைத்திருந்தார்கள். பெருக்கலுக்கு 72ம் ஒன்றுதான், காதுக்கு அப்படி இல்லை.

அதைவிட முக்கியம் ஆரபி, தேவகாந்தாரி என்ற இரண்டு ராகங்கள். இரண்டும் 29ஆவது மேளத்தில் பிறந்தவை. ஆரோகணம் (ஏறுவரிசை) ச ரி ம ப த ச, அவரோகணம் (இறங்குவரிசை) ச நி த ப ம க ரி ச. எழுத்தில் வித்தியாசமே கிடையாது. ஆனால் தியாகராஜர் ஆரபியில் செய்த 'சாதிஞ்செனே'யைக் கேட்டுவிட்டு அவர் தேவகாந்தாரியில் செய்த 'க்ஷீரஸாகர சயன'வைக் கேளுங்கள். ஆரபி அதிகம் அசையாமல் விறுவிறுவென்று போகும். தேவகாந்தாரியில் அதே ரிஷபம் (ரி) அசைந்து, இழைந்து, நின்று நகரும். இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். உங்கள் அட்டவணையில் இந்த வித்தியாசத்துக்கு இடம் எங்கே?

மிருதங்கக்காரன்:
லயத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஆதி தாளம் (8 எண்ணிக்கை), சதுஸ்ர நடை (எண்ணிக்கைக்கு 4 மாத்திரை), ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, 32 மாத்திரை. 'ததிங்கிணதொம்' என்ற சொற்கட்டு 5 மாத்திரை. மூன்று முறை சொல்லி, நடுவில் இரண்டு இடத்திலும் 2 மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் 19. மீதி 13. அதாவது மூன்று எண்ணிக்கை தாண்டிக் கால் இடம் தள்ளி எடுத்தால் சரியாகச் சமத்தில், அதாவது அடுத்த ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில், வந்து விழும். இது கணக்கேதான். ஆனால் கார்வையை 1 ஆக்கி 17, 3 ஆக்கி 21 என்றும் வாசிக்கலாம், எல்லாமே கணக்கில் சரி. சௌக்கமான (மெதுவான) கீர்த்தனைக்கு எதை வைப்பது, துரித காலத்தில் எதை வைப்பது என்பதைப் பாட்டைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறோம்.

லயப்பித்தன்:
நீங்கள் சொல்வதும் என் பக்கம்தான். கணக்கு வழிகளைத் திறந்துவிட்டால்தானே அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும்! தம்புராவுக்கு: கமகமும், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதும், அளவுக்கு உட்பட்டதே. ரிஷபம் எந்தச் சுருதியில் தொடங்குகிறது, எவ்வளவு நேரம் அசைகிறது, எங்கே நிற்கிறது எல்லாவற்றையும் இன்று ஒலிப்பதிவிலிருந்து வரைபடமாக எடுக்க முடிகிறது. தேவகாந்தாரியின் அசைவு கணக்குக்கு அப்பாற்பட்டது இல்லை. அட்டவணையைவிட நுணுக்கமான கணக்கு, அவ்வளவுதான்.

தம்புரா:
வரைபடம் யாரோ பாடிய பிறகு எடுப்பது. பாடுவதற்கு முன்பே ராகத்துக்கு இடம் போட்டு வைத்தது கணக்கு என்பதுதானே உங்கள் வாதம்? கமகத்துக்கும் அப்படி முன்கூட்டியே வந்த கணக்கு ஒன்றைக் காட்டுங்கள். எந்த வித்வானும் பாடியிராத ஓர் அசைவை எண்ணை வைத்தே கண்டுபிடித்து, அது ராகமாகக் காதில் நின்றால் ஒப்புக்கொள்கிறேன்.